சட்ரஸுக்குக் கீழே முட்டி நிற்கும் மீனை மேலே ஏற்றுவது எப்படி

மேட்டூர் திறந்து, கல்லணையில் தண்ணீர் பிரிந்து, கிளை ஆறுகளில் புதுத்தண்ணி இறங்கிய முதல் வாரத்தில் ஏதாவது ஒரு சட்ரஸுக்கு, அதாவது ஆற்றுத் தண்ணீரைத் தேக்கித் திருப்பும் கதவணைக்குக் கீழே அந்தி நேரத்தில் நின்று பாருங்கள். கான்கிரீட் தளம் முடிகிற இடத்தில், கரைச்சுவரை ஒட்டி, விரல் நீள மீன்கள் கூட்டமாகத் தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து நிற்கும். அதில் ஒன்று முன்னேறி, தளத்தின்மேல் இரண்டு முழம் போகும். வாலடிப்பு தளர்ந்ததும் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடும். அடித்துக்கொண்டு வந்து பழைய இடத்திலேயே சேரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலும். இப்படியே இரண்டு மூன்று நாள். அதற்குள் கொக்கும் நீர்க்காகமும் வலைக்காரரும் வந்துவிடுவார்கள்.

அந்த மீன்களை மேலே ஏற்றிவிட என்ன செய்யலாம், எதை எந்த அளவில் செய்ய வேண்டும், எங்கே பிழைபடும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறோம். முக்கொம்பிலும் அணைக்கரையிலும் 1836-ல் எழுந்த அணைக்கட்டுகள், 1934-ல் முடிந்த மேட்டூர் அணை போன்றவை இதில் இல்லை. அவை அரசு கையில் எடுக்க வேண்டிய வேலை. காவிரியில் ஏறி வந்துகொண்டிருந்த உள்ளம் மீன் இந்தப் பெரிய தடுப்புகளால்தான் கடல்முகத்தோடு நின்றுபோனது. அணைக்கட்டுகள் மீனேற்றத்தை மறிக்கின்றன என்று மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1870-களிலேயே எழுதிவிட்டார். நாம் பேசப்போவது மூன்று கண் சட்ரஸ், ஆற்றுக்குக் குறுக்கே ஓடும் படுகை அணை, வாய்க்காலில் தண்ணீர் படிபோல விழும் டிராப், பாலத்துக்கு அடியில் போட்ட குழாய் ஆகியவற்றைப் பற்றி. பெரும்பாலும் முழங்கால் உயரம், அதிகம் போனால் இடுப்பு உயரம். ஊர்க்காரர்களும் உதவிப் பொறியாளரும் சேர்ந்தால் ஒரு கோடைக்குள் முடிகிற வேலை.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். தடுப்பு சின்னதாக இருப்பதால் மீன் தாண்டிவிடும் என்று நினைப்பது தவறு. தாவி ஏறுகிற மீன் நம் ஆறுகளில் குறைவு. மேலே போக வேண்டியவற்றில் பெரும்பகுதி 4 முதல் 15 சென்டிமீட்டர் நீளக் குஞ்சும் சிறுமீனும்தான். அவற்றுக்கு முழங்கால் உயரம் மலை. ஆகவே எந்த அளவை எடுத்தாலும் விரல் நீள மீனை வைத்தே எடுங்கள். பெரிய வாளையை மனதில் வைத்துக் கட்டினால் சிறுமீன் எதுவும் ஏறாது. சிறுமீனுக்குக் கட்டினால் பெரியதும் ஏறிவிடும்.

யார் ஏற வருகிறார்கள்

கடலிலிருந்து வருகிறவை ஒரு வகை. விலாங்கு கடலில் பிறந்து, கண்ணாடிபோன்ற 5 செ.மீ. குஞ்சாக முகத்துவாரத்துக்குள் நுழையும். ஆற்று இறால் உப்பும் நன்னீரும் கலக்கிற இடத்தில்தான் குஞ்சு பொரிக்கும். அந்தப் பொடி இறால்கள் இரவில் கரையோரமாக ஊர்ந்து மேலேறும். கொடுவாக் குஞ்சும் மடவையும் கடைமடை ஆறுகளுக்குள் இரை தேடி வரும்.

இன்னொரு வகை ஆற்றுக்குள்ளேயே இடம் மாறுகிறவை. கெண்டை வகைகள், கெளுத்தி, வாளை, ஆரால், அயிரை எல்லாம் புதுத்தண்ணியில் எதிரேறி, வாய்க்கால் வழியாக வயலுக்கும் குளத்துக்கும் போய் முட்டையிடும். அயிரையும் ஆராலும் தரையோடு ஒட்டி நீந்துகிறவை. அரை அடி உயரச் செங்குத்துப் படி ஒன்று இருந்தாலும் அவற்றுக்குப் பாதை அங்கேயே முடிந்தது. பனையேறிக் கெண்டை மட்டும் ஈரத் தரையில் செவுளை ஊன்றிக் கடந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு எல்லா மீனும் அப்படித்தான் என்று முடிவு கட்டக்கூடாது.

உங்கள் இடத்தில் எவை நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள ஒரு வீச்சுவலை போதும். தடுப்புக்குக் கீழே பத்து வீச்சு, மேலே நூறு மீட்டர் தள்ளிப் பத்து வீச்சு. ஒரே வலை, ஒரே ஆள், ஒரே நேரம். கிடைத்தவற்றைப் பெயர் வாரியாக எண்ணி, நீளத்தை அளந்து எழுதிவிட்டு உடனே விட்டுவிடுங்கள். கீழே இருக்கிற வகை மேலே இல்லையென்றாலும், கீழே ஒரே அளவுப் பொடிமீன் குவிந்து கிடந்தாலும், தடுப்பு மறிக்கிறது என்று பொருள். விலாங்குக் குஞ்சும் இறால் குஞ்சும் வீச்சுவலைக் கண்ணில் நிற்காது. அவற்றுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் டார்ச் லைட்டோடு போய்ச் சுவரின் ஈர ஓரத்தைப் பாருங்கள்.

எதை அளக்க வேண்டும்

அளக்காமல் கல்லைக் கொட்டுவதுதான் இந்த வேலையில் நடக்கும் முதல் தவறு. நான்கு அளவுகள் வேண்டும்.

முதலாவது மேல்நீருக்கும் கீழ்நீருக்கும் உள்ள மட்ட வித்தியாசம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டமே இதற்குப் போதும். குழாயில் காற்றுக்குமிழ் இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை மேல்பக்க அளவுக்கோலோடும் மறுமுனையைக் கீழ்பக்க அளவுக்கோலோடும் சேர்த்துப் பிடியுங்கள். குழாய்த் தண்ணீரிலிருந்து ஆற்று நீர்மட்டம் வரை இரு பக்கமும் அளந்து கழித்தால் வித்தியாசம் வந்துவிடும். ஒரு நாள் அளவை நம்பாதீர்கள். முறைத் தண்ணீர் விட்ட நாள், அதை அடைத்த நாள், ஐப்பசி மழையில் ஆறு நிரம்பிய நாள் என்று குறைந்தது மூன்று தடவை எடுங்கள். வெள்ளத்தில் கீழ்நீர் உயர்ந்து தடுப்பே மூழ்கிவிடும் இடங்கள் உண்டு. அங்கே பிரச்சினை குறைந்த நீருக்கு மட்டும்தான்.

அந்த வித்தியாசம்தான் நீரின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 5 செ.மீ. விழுந்தால் வினாடிக்குச் சுமார் 1 மீட்டர். 10 செ.மீ.க்கு 1.4 மீட்டர். 20-க்கு 2 மீட்டர், 30-க்கு 2.4, ஒரு மீட்டர் விழுந்தால் 4.4. ஒரு மீன் சில வினாடி மூச்சைக் கொடுத்துப் பாய்ந்தால் வினாடிக்குத் தன் உடல் நீளத்தைப்போலச் சுமார் பத்து மடங்கு தூரம் போகும். 10 செ.மீ. கெண்டைக்கு அது 1 மீட்டர். 30 செ.மீ. படிகூட அதற்கு ஏன் முடியாது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். மீனின் பாய்ச்சல் வேகம் நீரின் வேகத்துக்குச் சமமாக இருந்தால் அது நின்ற இடத்தில் நீந்தும், அவ்வளவுதான். ஏறுவதற்கு அதைவிடக் கூடுதல் வேண்டும்.

இரண்டாவது, தடுப்பின் முகட்டிலும் தளத்திலும் ஓடும் நீரின் ஆழம். அகலமான தட்டை முகட்டில் தண்ணீர் 2, 3 செ.மீ. தகடுபோல ஓடும். 4 செ.மீ. உடல் உயரம் உள்ள மீனுக்கு அதில் வால் பாதி வெளியே நிற்கும், தள்ளுவதற்குப் பிடிப்பு கிடைக்காது. மீனின் உடல் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழமாவது வேண்டும்.

மூன்றாவது வேகம். ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் 10 மீட்டர் இடைவெளிக்கு இரண்டு குச்சி நட்டு, பழத்தை மேலே விட்டு வினாடியை எண்ணுங்கள். 8 வினாடியில் கடந்தால் மேற்பரப்பு வேகம் 1.25 மீட்டர், அதை 0.85-ஆல் பெருக்கினால் சராசரி ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். ஐந்து தடவை விட்டு நடுவிலுள்ள அளவை எடுங்கள்.

நான்காவது, தளத்துக்குக் கீழே உள்ள மடுவின் ஆழம். மீன் ஓய்வெடுப்பதும் வேகம் கூட்டுவதும் அங்கேதான். மடு மண் மேவிக் கிடந்தாலும் கருங்கல் கொட்டி மூடியிருந்தாலும் ஏற்றம் பாதியாகிவிடும்.

கட்டுவதற்கு முன் கதவைப் பாருங்கள்

காசே செலவில்லாத வழி ஷட்டரை இயக்கும் விதத்தில் இருக்கிறது. கதவைத் தூக்கி இறக்கும் பாசன ஊழியரான லஸ்கரிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்தக் கதவு எப்போது தூக்கப்படுகிறது என்பது அவருக்குத்தான் அத்துப்படி.

பத்துக் கதவையும் 5 செ.மீ. தூக்கினாலும் ஒரே கதவை 50 செ.மீ. தூக்கினாலும், மேல்நீர் கீழ்நீர் வித்தியாசம் அப்படியே இருக்கும்வரை அடியில் பாயும் வேகம் ஒன்றுதான். அடிக்கதவு இடுக்கில் எந்த மீனும் ஏறாது. கீழே இறங்கிவரும் முட்டையும் குஞ்சும்கூட அந்த இடுக்கில் அடிபட்டுச் சாகும். ஆகவே மீனுக்கு வேண்டியது மட்டம் சமமாகும் நேரம். கிளை வாய்க்காலின் தலைப்பு மதகுக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய முறை முடிந்ததும், அடுத்த முறை தொடங்குவதற்குள், கரையோரக் கதவை நீருக்கு மேலே முழுதாகத் தூக்கி, வித்தியாசம் 10 செ.மீ.க்குக் கீழே இறங்கும்வரை விட்டுவையுங்கள். அந்தியில் தொடங்கி விடியும்வரை கிடைத்தால் நல்லது. இரவில்தான் இறாலும் விலாங்கும் நகரும். மறுபடி அடைக்கும்போது நடுக்கதவுகளை முதலில் இறக்கி, கரையோரக் கதவைக் கடைசியாக இறக்கச் சொல்லுங்கள். மீன் அங்கேதான் நிற்கிறது.

பலகை போட்டு அடைக்கும் பழைய கண்களில் இன்னும் எளிது. கரையோரக் கண்ணில் பலகையை ஒவ்வொன்றாக, அரை மணிக்கு ஒன்று வீதம் எடுத்தால் தண்ணீர் மேலாக வழிந்து மெல்ல மட்டம் இறங்கும். கீழே நிற்கும் மீனும் அடித்துச் செல்லப்படாது.

மேட்டூர் புதிதாகத் திறந்த முதல் பத்து நாளும், வடகிழக்குப் பருவமழையின் முதல் வெள்ளமும் மிக முக்கியமானவை. ஆண்டு முழுவதும் கதவைத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்த நாட்களைக் கேட்டுப் பெறுங்கள்.

கடைமடைச் சட்ரஸ்களுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. வெட்டாறு, அடப்பாறு, கோரையாறு போன்றவற்றின் கடைசியில் இருக்கும் இயக்கு அணைகள் கடல்நீரை மறிக்கத்தான் நிற்கின்றன. கோடையில் அவற்றில் கைவைக்கவே கூடாது. உப்பேறினால் அந்த ஊர் நிலமும் குடிதண்ணீரும் போய்விடும். கார்த்திகையில் ஆறு நன்னீராய்க் கடலுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது, கடல் ஏற்றத்தில் இரு பக்க மட்டமும் நெருங்கும் ஓரிரு மணி நேரம் கிடைக்கும். கதவு திறக்க அதுதான் நேரம். அப்போதும் மேல்பக்க நீரை உப்புமானியில் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

வாய்க்கால் டிராப்புக்கு மூட்டைப் படி

ஆற்றிலிருந்து பிரியும் ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரியும் பி வாய்க்கால்களில் 20, 25 செ.மீ. விழும் டிராப்புகள் நிறைய. பாலத்துக்குப் போட்ட குழாயின் வாய் கீழ்நீருக்கு ஒரு சாண் மேலே தொங்குவதும் இதே கதை. இங்கே தடுப்பைத் தொடவே வேண்டாம், கீழ்நீரை உயர்த்தினால் போதும். நிரந்தரமாய்க் கட்டுவதற்கு முன் மணல் மூட்டையில் ஒரு பருவம் சோதித்துப் பார்ப்பது நல்ல வழக்கம். செலவு சாக்குக்கும் இரண்டு ஆள் கூலிக்கும்தான்.

3 மீட்டர் அகல வாய்க்கால், 25 செ.மீ. விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை நான்காகப் பங்கிட்டால் படிக்கு 6 செ.மீ. சொச்சம். அதற்கு டிராப்புக்குக் கீழே மூன்று மூட்டை வரப்புகள் வேண்டும். ஒன்றுக்கொன்று 2 மீட்டர் இடைவெளி. முதல் வரப்பு இப்போதுள்ள கீழ்நீரை 19 செ.மீ. உயர்த்த வேண்டும், இரண்டாவது 12 அல்லது 13, மூன்றாவது 6. உரச் சாக்கில் மூன்றில் இரண்டு பங்குதான் மணல் நிரப்புங்கள். முட்ட முட்ட நிரப்பிய மூட்டை உருண்டையாய் நிற்கும், ஒன்றோடொன்று படியாது, இடுக்கில் தண்ணீர் ஒழுகி வரப்பு மட்டம் ஏறாது. வரப்புக்குச் சுமார் இருபது மூட்டை பிடிக்கும். கடைசி வரப்புக்குக் குறைவு. ஒவ்வொரு வரப்பிலும் அடிவரை 15 செ.மீ. திறப்பு ஒன்று விடுங்கள். அயிரையும் ஆராலும் அடியோடுதான் வரும். திறப்புகளை ஒரே நேர்கோட்டில் வைக்காமல் இடம், வலம் என்று மாற்றி வையுங்கள். நேராக இருந்தால் தண்ணீர் ஒரே பாய்ச்சலாக ஓடி நடுவில் ஓய்வுக்கு இடமே இருக்காது.

இரு கரையிலும் மூட்டையை அரை மீட்டர் மண்ணுக்குள் புதைத்துச் சொருகுங்கள். இதை விட்டுவிட்டால் முதல் வேகத் தண்ணியில் ஓரம் அரித்து, வரப்பைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் ஓடும். பருவம் முடிந்ததும் சாக்குகளை எடுத்துவிடுங்கள். வெயிலில் நைந்த பிளாஸ்டிக் நார் வயலுக்குத்தான் போகும்.

ஆற்றுச் சட்ரஸுக்குத் தொட்டிப் படி

வித்தியாசம் அரை மீட்டரைத் தாண்டினால் கரையை ஒட்டி முறையான மீன்பாதை கட்ட வேண்டும். இது நீர்வளத்துறையின் கட்டுமானத்தோடு இணைவது. அனுமதியும் பொறியாளரின் வரைபடமும் இல்லாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்கக்கூடாது. டெல்டாவின் படுகை மணல். தளத்தின் ஓரத்தில் தோண்டினால் அடியில் ஊற்று எடுத்து, மணல் வெளியேறி, தளமே உட்காரும். முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 இரவு ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டதை டெல்டாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய கட்டுமானத்தை மதித்து, அதன் பக்கச்சுவருக்கு வெளியே, கரைப்பக்கமாகவே வேலையை வையுங்கள்.

மட்ட வித்தியாசம் 75 செ.மீ. என்று எடுத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். உங்கள் அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். படிக்கு 7.5 செ.மீ. வைத்தால் பத்துப் படி, நடுவில் ஒன்பது தொட்டி. ஒவ்வொரு தொட்டியும் உள்ளளவு 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், நீராழம் 50 செ.மீ. குறுக்குச் சுவர் 20 செ.மீ. கனம். மொத்த நீளம் சுமார் 20 மீட்டர் வரும். சரிவு ஏறத்தாழ 29-க்கு 1. இடம் இல்லையென்றால் நடுவில் மடக்கித் திருப்பலாம், ஆனால் திருப்பத்துத் தொட்டியை 3 மீட்டர் நீளமாக்குங்கள்.

ஒவ்வொரு குறுக்குச் சுவரிலும் தரையிலிருந்து மேல்வரை 15 செ.மீ. அகலத் திறப்பு. 7.5 செ.மீ. விழும்போது திறப்பில் நீர் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் பாயும். சின்ன மீனுக்கு இது மேல் எல்லை. அதனால்தான் தரையை வழவழப்பாகப் பூசக்கூடாது. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே 10 முதல் 15 செ.மீ. கூழாங்கல்லைப் பாதி புதையும்படி பதித்துவிடுங்கள், திறப்பின் அடியிலும்கூட. கல்லிடுக்கில் வேகம் பாதிக்குக் குறையும். பொடிமீன் அதில் ஒட்டி ஒட்டி ஏறும். மேஸ்திரிக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் நல்ல கொத்தனாருக்குச் சொரசொரப்பாக விட மனசே வராது.

இந்தத் திறப்பு வழியாக வினாடிக்கு ஏறத்தாழ 59 லிட்டர் ஓடும், அதாவது இரண்டு கன அடிக்குச் சற்று மேல். அந்தத் தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து கொந்தளிக்கும் ஆற்றலைத் தொட்டி அடக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் கன மீட்டருக்கு 30 வாட்டுக்குள் வருகிறது. சிறுமீனுக்கு அது சரி. செலவைக் குறைக்கத் தொட்டியை ஒரு மீட்டர் நீளமாக்கினால் இது இரட்டிப்பாகி, தொட்டி முழுக்க நுரை கொதிக்கும். நுரைக்குள் மீனுக்குத் திசை தெரியாது. வரைபடத்தில் படிகளின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும்; ஏறும் மீன்தான் இருக்காது.

வாசல் எங்கே என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். மீன் எதிரேறி வந்து, இதற்குமேல் போக முடியாது என்று நிற்கும் கடைசி இடத்தில் கீழ்வாசல் திறக்க வேண்டும். பெரும்பாலும் அது தளத்தின் விளிம்பு கரைச்சுவரைத் தொடும் மூலை. பத்து மீட்டர் கீழே வாசலை வைத்தால் மீன் அதைத் தாண்டிப் போய் மேலே முட்டிக்கொண்டே நிற்கும், திரும்பிப் பார்க்காது. பாதையின் தண்ணீர் ஆற்றோட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இருந்தால் மீன் அதன் இழுப்பை உணரும். ஆறு பெரிதாக இருந்தால் பாதையை ஒட்டிய கதவை மட்டும் கொஞ்சம் தூக்கி, அந்தப் பக்கம் ஓட்டத்தைக் கூட்டி மீனை அழைத்து வரலாம். மற்றக் கதவுகளில் பெருவெள்ளம் பாய, பாதைப் பக்கம் அமைதியாகக் கிடந்தால் மீன் எதிர்க்கரைக்குப் போய்விடும்.

மேல்வாசல் கதவிலிருந்து தள்ளி இருக்கட்டும். களைத்து ஏறிய மீனைத் திறந்த கதவு இழுத்து மறுபடி கீழே தள்ளிவிடும். அங்கே பலகை செருக ஒரு காடி விடுங்கள். பராமரிப்புக்கும், தண்ணீர் நெருக்கடி நாளில் அடைக்கவும் உதவும்.

அடியில் கீழ்வாசலை இன்றைய படுகை மட்டத்தோடு நிறுத்தாதீர்கள். மணல் அள்ளியும் அரிப்பெடுத்தும் படுகை தாழ்ந்துகொண்டே போகிறது. இன்று தண்ணீரைத் தொடும் கடைசிப் படி ஐந்து ஆண்டில் அந்தரத்தில் தொங்கும். கூடுதலாக இரண்டு தொட்டிகளைப் படுகைக்குக் கீழே இறக்கி, அடியில் மண்ணைத் தடுத்து நீரை விடும் வடிதுணி விரித்து, 50 செ.மீ. கருங்கல்லால் கால் கட்டுங்கள். டெல்டாவில் கல் இல்லை, புதுக்கோட்டைப் பக்கமிருந்தோ திருச்சிப் பக்கமிருந்தோ லாரியில்தான் வரும். அதனால் கல்லில் சிக்கனம் பிடிக்கத் தோன்றும். கம்பிவலைக் கல்பெட்டிக்கு மாறினால் அறுந்த கம்பி மீனையும் வலையையும் கிழிக்கும். பெட்டிதான் என்றால் மேல்முகத்தைக் கான்கிரீட்டால் மூடிவிடுங்கள்.

ஆற்றில் நீரில்லாத தை முடிவு முதல் வைகாசி வரைதான் வேலைக்காலம். மேட்டூர் வழக்கப்படி ஜனவரி 28-ல் அடைத்து ஜூன் 12-ல் திறப்பதால் நான்கு மாதம் கிடைக்கும். அனுமதிக் காகிதத்தை முந்திய ஆவணியிலேயே தொடங்கினால்தான் இது கைகூடும்.

தொட்டிகளைவிடக் கூம்புக் கற்களை வரிசையாய் நட்டுச் செய்யும் பாதைகளை லாவோஸில் மேக்கோங் கரை மதகுகளில் கட்டியிருக்கிறார்கள். நீர்மட்டம் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்துக்கு அது நல்ல வடிவம்; பொறியாளர் விரும்பினால் அதையும் யோசிக்கலாம்.

விலாங்குக்கும் இறாலுக்கும் கயிறு

இவை இரண்டும் நீந்தித்தான் ஏற வேண்டும் என்றில்லை, பிடித்து ஊர்ந்தும் ஏறும். ஒரு கைப்பிடிக் கயிறே பாதையாகிவிடும். 25 மி.மீ. தேங்காய்நார்க் கயிறு பத்துப் பன்னிரண்டு எடுத்து ஒன்றாகக் கட்டுங்கள். புதுக்கயிறை ஒரு வாரம் குளத்தில் ஊறப்போட்டு, செந்நிறச் சாறு போனபின் பயன்படுத்துங்கள். மேல்முனை மேல்நீருக்குள் ஒரு முழம் மூழ்க வேண்டும். அங்கே சுவரில் பதித்த இரும்பு வளையத்தில் கட்டுங்கள். கீழ்முனையைப் புரி பிரித்துப் பூவாக விரித்து, கல் கட்டிக் கீழ்நீரில் அமிழ்த்துங்கள். கயிறு பக்கச்சுவரை ஒட்டி, நேரடிப் பாய்ச்சல் படாமல், எப்போதும் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு முழம் காய்ந்தாலும் குஞ்சு அதோடு நின்றுவிடும். அந்த ஈரத்துக்கு வினாடிக்கு ஒரு லிட்டர் கசிவு போதும், மேல்முனையில் ஒரு சின்னக் குழாய் வைத்துக் கொடுக்கலாம்.

இரவில் டார்ச் அடித்தால் புரிக்குள் ஊசிபோலக் கறுத்த விலாங்குக் குஞ்சுகளும், கண் மட்டும் மின்னும் இறாலும் தெரியும். விளக்கை நிறைய நேரம் பிடிக்காதீர்கள், ஒளி பட்டால் ஏறுவது நின்றுவிடும். சட்ரஸ் மேல் தெருவிளக்கு இருந்தால் கயிறு இருக்கும் பக்கம் நிழல் விழுமாறு மறையுங்கள்.

திறந்த பிறகு

புதுத்தண்ணி வந்த முதல் நாளே டியூப் மட்டத்தோடு ஒவ்வொரு படியையும் அளந்து எழுதுங்கள். வரைபடத்தில் எல்லாம் 7.5 செ.மீ. என்று இருக்கும், ஆற்றில் அப்படி இருக்காது. ஒரு படி 12, அடுத்தது 3 என்று வந்தால், நடுவிலுள்ள தொட்டியில் மட்டம் இறங்கிப்போயிருக்கிறது. அதன் கீழ்த்திறப்பில் ஒரு கல்லை வைத்துச் சற்றே குறுக்கினால் தொட்டி ஏறி இரண்டு படியும் சமமாகும். ஒன்பது படி சரியாக இருந்து ஒரு படி மட்டும் 12 செ.மீ. இருந்தாலும் பாதை முழுதும் வீண்தான்.

ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்குக் குச்சியும்தான் நம் ஊரில் மீன்பாதையைக் கொல்கிறவை. 15 செ.மீ. திறப்பில் ஒரு கொத்து சிக்கினால் போதும், அந்தப் படியில் மட்டம் அரை அடி ஏறிவிடும். மேல்வாசலுக்கு 3 மீட்டர் முன்னால், ஓட்டத்துக்குச் சாய்வாக, பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிய மூங்கிலை மிதக்கவிடுங்கள். குப்பை நடு ஆற்றுக்கு ஒதுங்கிப் போகும். ஆனாலும் வாரம் ஒருமுறையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஆள் பார்த்தாக வேண்டும். அந்த ஆள் யார் என்று கட்டும்போதே முடிவு செய்யுங்கள்.

விவசாயிகள் கேட்கும் முதல் கேள்வி, “தண்ணி வீணாப் போயிடாதா?” என்பதுதான். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். பாதையில் போகும் இரண்டு கன அடியும் அதே ஆற்றில், சட்ரஸுக்குக் கீழேயே சேர்கிறது, கீழ்மடைக்காரருக்குக் கிடைக்கிறது. கடைமடையில் மட்டும்தான் அது கடலுக்குப் போகும். அங்கே பலகை போட்டு அடைத்து, மீன் ஏறும் நாட்களில் மட்டும் திறக்கலாம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மேல்நீர் மட்டம் தலைப்புக்குத் தேவையான அளவுக்குக் கீழே இறங்காது என்பதை முதல் முறையிலேயே அளவுக்கோலில் காட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தக் கேள்வி வராது.

இன்னொன்று வலை. மீன்பாதையின் வாசலில் பரி எனும் பொறிக்கூடை வைத்தால் ஆற்றின் மீன் மொத்தமும் ஒரே இரவில் கிடைக்கும். பாதை இல்லாதிருந்ததைவிட இது மோசம். கீழும் மேலும் 50 மீட்டருக்குள் வலை, பரி, கவிழ்த்துப் பிடிக்கும் ஊத்தாக் கூடை எதுவும் கூடாது என்று மீன் பிடிப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசி ஊர்க்கட்டாக்குங்கள். அவர்களை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டால் கட்டு நிற்காது. மேலே குளமும் வாய்க்காலும் நிறைந்தால் முதலில் பலன் பெறுகிறவர்களும் அவர்கள்தான்.

பாதை வேலை செய்கிறதா என்று பார்க்க நீங்களே பரி வைக்கலாம், ஆனால் மேல்வாசலில், வாய் பாதையை நோக்கி, 4 மி.மீ. கண் வலை சுற்றி. அந்தியில் வைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்து எண்ணி, மேலே விட்டுவிடுங்கள். இரவு முழுக்க விட்டால் பெரியது சிறியதைத் தின்றுவிடும். புதுத்தண்ணியின் முதல் வாரம் மூன்று இரவு, ஐப்பசியில் மூன்று இரவு போதும். கீழே வீச்சுவலையில் கிடைத்த வகைகளில் எது மேல் பரியில் வரவே இல்லை என்று பாருங்கள். அயிரையும் ஆராலும் வரவில்லையென்றால் திறப்பின் அடியில் எங்கோ மண் படிந்து படி உண்டாகியிருக்கிறது, 8 செ.மீ.க்குக் குறைந்த மீன் எதுவும் வரவில்லையென்றால் ஒரு படி உயரமாக இருக்கிறது. எதுவுமே வரவில்லையென்றால் வாசல் தவறான இடத்தில் இருக்கிறது, அந்தியில் மறுபடி கீழே போய் மீன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

நார்க்கயிறு ஒரு பருவத்துக்குமேல் தாங்காது. மேட்டூர் திறக்கும் முன், மே மாதத்திலேயே புதுக்கயிறை ஊறப்போட்டுவிடுங்கள்.